பாதியில் மூடிய புத்தகம்: இலக்கியத்துக்குள் வாசகர்கள்

கேள்வி இதுதான்: இலக்கியம் வாசகரையும் வாசிப்பையும் காலந்தோறும் எப்படிக் காட்டி வந்திருக்கிறது? அதில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா?

தெரிகிறது. ஆனால் முதலில் ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் வாசிப்பு என்பது ஒன்றுமே நடக்காத காரியம். ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கண் அசைகிறது, பக்கம் புரள்கிறது. போரை எழுதலாம், ஊடலை எழுதலாம், விருந்தை எழுதலாம். அரை மணி நேரம் ஒருவர் படித்துக்கொண்டிருந்ததை எழுதிப் பாருங்கள், இரண்டாவது வரியில் கை நின்றுவிடும். அதனால் எழுத்தாளர்கள் பெரும்பாலும் ஒரு குறுக்கு வழியைப் பிடித்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. வாசிப்பைக் காட்டுவதற்குப் பதில் அது அறுபடும் இடத்தைக் காட்டுகிறார்கள். புத்தகம் மூடப்படுகிறது, பிடுங்கப்படுகிறது, எரிக்கப்படுகிறது. யார் மூடினார், எதற்காக மூடினார் என்று கவனித்தால் அந்தந்தக் காலம் வாசகரைப் பற்றி என்ன நினைத்தது, எதற்குப் பயந்தது என்பது பிடிபடும்.

புத்தகம் வருவதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. ஹோமரின் ஒடிஸியில், ஊர் பேர் சொல்லாமல் அரண்மனை விருந்தில் உட்கார்ந்திருக்கிறான் ஒடிஸியஸ். பாணன் டெமோடொகஸ் டிராய்ப் போரைப் பாடுகிறான். தன் கதையைத் தானே கேட்க நேர்ந்தவன் மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். பக்கத்தில் இருக்கும் அரசன் அதைப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தச் சொல்லி, "நீ யார்?" என்று கேட்கிறான். கதை கேட்பவர் தன்னைக் கதைக்குள் கண்டு கலங்கும் காட்சி அங்கேயே வந்துவிட்டது. பிற்பாடு வந்தவர்கள் இதையே வேறு வேறு உடையில் எழுதினார்கள்.

இந்தக் கணிப்புக்கு அடங்காத ஒருவர் உண்டு, வள்ளுவர். "நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு" என்கிறார். திரும்பத் திரும்பப் படிக்கப் படிக்க நயம் கூடுவதைச் சொல்லும் குறள் அது. இதில் எதுவும் அறுபடுவதில்லை. இன்னொரு வேடிக்கை, இங்கே அவர் விளக்க வந்த பொருள் நட்பு. வாசிப்பின் இன்பம் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொண்டு, அதை உவமையாக வைத்து நட்பை விளக்குகிறார். வாசகர்கள் மீது இவ்வளவு நம்பிக்கை வைத்தவர்கள் அபூர்வம்.

பழைய காலத்தில் எல்லாரும் வாய்விட்டுத்தான் படித்தார்கள், மௌன வாசிப்பே கிடையாது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது புனித அகஸ்டினின் தன்வரலாறு. கி.பி. 400ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்த நூலில், மிலான் நகர ஆயர் அம்புரோஸ் படிப்பதை அகஸ்டின் ஓரமாக இருந்து பார்க்கிறார். கண்கள் வரிகளின் மேல் ஓடுகின்றன, குரலும் நாவும் அசையவில்லை. உள்ளே யாரும் வரலாம், தடை இல்லை. ஆனால் அப்படிப் படிப்பவரைக் குலைக்க யாருக்கும் மனம் வரவில்லை. வந்தவர்கள் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏன் இவர் இப்படிப் படிக்கிறார் என்று அகஸ்டின் யோசித்துப் பார்க்கிறார். சத்தமாகப் படித்தால் கேட்பவர் யாராவது கடினமான இடத்துக்கு விளக்கம் கேட்டு நேரத்தைத் தின்றுவிடுவார்களோ? அல்லது எளிதில் கம்மிப்போகும் குரலைக் காப்பாற்றிக்கொள்கிறாரோ? வாசிப்பு அறுபடாமல் காட்டப்பட்ட அபூர்வமான இடங்களில் இது ஒன்று. அங்கேயும் காட்சி உயிர்பெறுவது குறுக்கிடலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவர்களால்தான்.

இதை வைத்து மௌன வாசிப்பே இல்லை என்பது மிகை. அகஸ்டினுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், கி.மு. 424இல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோஃபனிஸின் 'குதிரை வீரர்கள்' நாடகத்தில் ஒரு காட்சி வருகிறது. இரண்டு அடிமைகள் ஓர் அருள்வாக்குச் சுவடியைத் திருடி வந்திருக்கிறார்கள். ஒருவன் அதை மனதுக்குள் படித்துக்கொண்டே "இன்னொரு கிண்ணம் ஊற்று" என்கிறான். "அப்படியா எழுதியிருக்கிறது?" என்று கேட்கிறான் மற்றவன். சத்தமில்லாமல் படிப்பதை மக்கள் அறிந்திருக்காவிட்டால் அந்த நகைச்சுவைக்கு யாரும் சிரித்திருக்க முடியாது.

தமிழில் வாசிப்புக் காட்சி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சிலப்பதிகாரம். மாதவி கோவலனுக்கு இரண்டு கடிதங்கள் எழுதுகிறாள். முதல் கடிதம் தாழை மடலில், செம்பஞ்சுக் குழம்பைத் தொட்டுப் பிச்சி மொட்டால் எழுதியது. அதைக் கோவலன் வாங்கவே மறுக்கிறான். ஆடல்மகள்தானே, இதுவும் ஒரு நடிப்பு என்று படிக்காமலேயே முடிவு கட்டிவிடுகிறான். இரண்டாவது கடிதம், கண்ணகியோடு மதுரைக்குப் போகும் வழியில் கோசிகமாணி என்ற அந்தணன் மூலம் வந்து சேர்கிறது. மண் முத்திரை இட்ட ஓலை. அந்த முத்திரையில் மாதவியின் கூந்தல் நெய் வாசம் இருக்கிறது, சேர்ந்து வாழ்ந்த நாளில் பழகிய அதே வாசம். அதை முகர்ந்தவன் ஓலையைக் "கைவிடலீயான்", கீழே வைக்க முடியாமல் பிடித்துக்கொண்டே நிற்கிறான் என்கிறார் இளங்கோ. அப்புறம்தான் பிரித்துப் படிக்கிறான். படித்ததும் அவள் மேல் தவறில்லை, தவறு தன்னுடையது என்று தெளிகிறான். அதோடு முடியவில்லை. "அடிகள் முன்னர் யான் அடி வீழ்ந்தேன்" என்று தொடங்கும் அந்த வாசகம் தன் பெற்றோருக்குத் தான் எழுதவேண்டிய கடிதத்துக்கும் அப்படியே பொருந்துகிறது என்று கண்டு, அதே ஓலையை அவர்களிடம் காட்டும்படி கோசிகமாணியிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறான்! ஒருத்தி ஒருவனுக்காக எழுதியதை, படித்தவன் தன் சொல்லாக்கி மூன்றாமவருக்கு அனுப்புகிறான். எழுதியவர் நினைத்ததைத் தாண்டி வாசகர் ஒரு பொருளை உண்டாக்குகிறார் என்று 20ஆம் நூற்றாண்டு விமர்சகர்கள் பக்கம் பக்கமாக விளக்கியதை இளங்கோ நாலைந்து வரியில் முடித்துவிட்டார்.

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகத்தில் நிலைமை கடுமையாகிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய காவியம். ஃபிரான்செஸ்காவும் அவள் கணவனின் தம்பி பாவ்லோவும் லான்ஸ்லாட்டின் காதல் கதையைச் சேர்ந்து படிக்கிறார்கள். முத்தக் காட்சி வருகிறது. அன்று அதற்கு மேல் நாங்கள் படிக்கவில்லை என்கிறாள் அவள். அந்த ஒரு வரிக்குள் கள்ளக் காதலும் கொலையும் நரகமும் அடங்கிவிடுகின்றன. பழியையும் புத்தகத்தின் மேலும் அதை எழுதியவன் மேலும் போடுகிறாள். இதன் மறுபக்கத்தைப் பார்க்க 18ஆம் நூற்றாண்டுச் சீன நாவலான 'செம்மாடக் கனவு'க்குப் போகலாம். பீச் மரத்தடியில் நாயகன் பாவ்யூ ஒரு காதல் நாடகத்தை ஒளித்துப் படித்துக்கொண்டிருக்கிறான். காற்றில் உதிர்ந்த இதழ்கள் புத்தகத்தின் மேல் விழுகின்றன. அவன் நேசிக்கும் தாய்யூ என்ற பெண் வந்ததும் "கன்பூசிய நூல்தான்" என்று புளுகுகிறான். அவள் நம்பவில்லை, வாங்கி ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்துக்குள் முழுவதையும் படித்துவிடுகிறாள். உடனே அவன் அதிலிருந்து ஒரு வரியை எடுத்து அவளைச் சீண்ட, அவள் கோபித்து, கண்கலங்கி, பிறகு சிரித்து, அதே நாடகத்தின் வரியாலேயே பதிலடி கொடுக்கிறாள். அதற்குள் பணிப்பெண் வந்து அவனைக் கூப்பிட்டுவிடுகிறாள். அதே திருட்டுப் படிப்பு, அதே காதல். ஆனால் தண்டனை கொடுக்க அங்கே நரகம் இல்லை. அந்த நாவலில் அவர்களுக்குக் காத்திருக்கும் துயரம் வேறு வாசல் வழியாக வருகிறது.

புத்தகம் படித்துப் புத்தி கெட்டவர் என்றதும் எல்லாரும் சொல்வது டான் கிஹோத்தே. நான் அவருக்குக் கிட்டத்தட்ட ஆறு நூற்றாண்டு முன்னால் ஒரு பெண்ணை வைப்பேன். ஜப்பானில், 11ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், தகசுயெயின் மகள் என்று மட்டும் அறியப்படுகிற ஒருத்தி. 'சராஷினா நாட்குறிப்பு' அவள் எழுதியது. தலைநகரிலிருந்து வெகு தூரத்தில் வளர்ந்தவள் அக்காளும் சிற்றன்னையும் அரைகுறையாகச் சொன்ன 'கெஞ்சியின் கதை' என்ற ஜப்பானிய நாவலை முழுதாகப் படிக்க ஏங்குகிறாள். சீக்கிரம் தலைநகருக்குப் போய் எல்லாக் கதைகளையும் படிக்கவேண்டும் என்று ஆளுயரப் புத்தர் சிலை முன் விழுந்து வேண்டுகிறாள். பிறகு அத்தை ஒருத்தி ஐம்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களையும் பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிடுகிறாள். இரவும் பகலும் திரைக்குப் பின்னால் படுத்துப் படிக்கிறாள். இதற்கு முன் மகாராணிப் பதவி எம்மாத்திரம் என்கிறாள். கனவில் மஞ்சள் அங்கி அணிந்த துறவி வந்து தாமரை சூத்திரத்தின் ஐந்தாம் சுருளைக் கற்றுக்கொள் என்கிறார். அவள் யாரிடமும் சொல்லவில்லை, கற்கவும் இல்லை. வளர்ந்தால் அந்தக் கதையின் நாயகிகளைப் போலக் கூந்தல் நீண்டு அழகாகிவிடுவேன் என்று கனவு காண்கிறாள். வயதான பிறகு இதையெல்லாம் நினைத்து வருந்துகிறாள். ஆனால் வருந்திக்கொண்டே அந்தப் பெட்டி கைக்கு வந்த நாளை எவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறாள் பாருங்கள். பைத்தியத்தை வெளியிலிருந்து ஓர் ஆண் கிண்டல் செய்வதற்கும், உள்ளே இருந்தவளே எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

சரி, 'டான் கிஹோத்தே'யை எழுதிய செர்வாண்டிஸுக்கு வருவோம். முதல் பாகம் 1605இல் வந்தது. கிஹோத்தே விளைநிலங்களை விற்று வீரசாகசக் கதைகள் வாங்கிப் படித்து மூளை கலங்கியவர் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அவருடைய நூலகத்தைப் பாதிரியாரும் நாவிதரும் சோதனை போடும் இடம். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து இதை எரி, இதை வை என்று தீர்ப்புச் சொல்கிறார் பாதிரியார். எரிக்க வந்தவர் அத்தனையையும் கரைத்துக் குடித்திருக்கிறார்! செர்வாண்டிஸின் முதல் நாவலும் அங்கே கையில் அகப்படுகிறது. ஆசிரியர் என் பழைய நண்பர், எதையோ தொடங்குகிறார், எதையும் முடிப்பதில்லை, இரண்டாம் பாகம் வரட்டும், அதுவரை பத்திரமாக வையுங்கள் என்கிறார். பிறகு அந்த அறையையே சுவர் வைத்து மறைத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து எழுந்த கிஹோத்தே புத்தக அறைக்குப் போகிறார். கதவு இருந்த இடத்தைக் கையால் தடவித் தடவிப் பார்க்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் கண்ணால் துழாவுகிறார். வெகுநேரம் கழித்துத்தான், அறை எந்தப் பக்கம் இருந்தது என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணிடம் கேட்கிறார். சிரிப்புக்கென்று எழுதிய நாவலில் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அதே பாகத்தில் ஒரு சத்திரக்காரர் வருகிறார். அறுவடைக் காலத்தில் விடுமுறை நாளில் எழுத்தறிந்த யாராவது ஒருவர் கதை படிக்க, முப்பது பேருக்கு மேல் சுற்றி உட்கார்ந்து கேட்போம் என்கிறார். அவருக்குப் பிடித்தது வெட்டுக்குத்து. அவர் மனைவிக்குப் பிடித்தது, கதை கேட்கும் நேரத்திலாவது கணவர் சண்டை போடாமல் இருப்பது. மகளுக்குப் பிடித்தது காதலியைப் பிரிந்த வீரர்களின் புலம்பல். வேலைக்காரிக்குப் பிடித்தது ஆரஞ்சு மரத்தடித் தழுவல். ஒரே புத்தகம், நான்கு பேர், நான்கு கதை. இரண்டாம் பாகம் 1615இல் வந்தபோது அதில் வரும் பாத்திரங்கள் முதல் பாகத்தைப் படித்திருக்கிறார்கள். கிஹோத்தே தன் வாசகர்களையே சந்திக்கிறார், அவர்கள் அவரை வைத்து விளையாடுகிறார்கள். நடுவில் வேறொருவர் எழுதிய போலித் தொடர்ச்சியில் கிஹோத்தே சரகோசாவுக்குப் போனதாக இருந்ததால், அதைப் பொய்யாக்க இவர் சரகோசாவுக்குப் போகாமலே இருந்துவிடுகிறார்.

அச்சு பெருகி நாவல் பெண்கள் கைக்குப் போனதும் ஐரோப்பாவின் பயம் திசை மாறுகிறது. 1857இல் ஃப்ளொபேரின் 'மதாம் பொவாரி' நாவல் மீது பாரிஸில் வழக்கு. கான்வென்ட்டில் ஒளித்துப் படித்த காதல் கதைகளால் வாழ்க்கை சலித்துப்போன எம்மா என்ற ஒருத்தியின் கதை. அரசு வழக்கறிஞர் பினார் எழுப்பிய கேள்வி, இதைப் படிக்கப்போவது யார் என்பது. இளம்பெண்கள், சில சமயம் மணமான பெண்கள் என்பது அவர் கவலை. நாவலுக்குள் எம்மாவின் மாமியார் மருமகள் நாவல் படிப்பதை நிறுத்தப் பார்க்கிறாள். வெளியே பினார் அதே வேலையைச் செய்கிறார். ஃப்ளொபேர் விடுதலையானார். அதே ஆண்டு அதே பினார் கவிஞர் பூத்லேர் மீது வழக்குத் தொடுத்தார். ஆறு கவிதைகள் தடை செய்யப்பட்டன. அந்தத் தொகுப்பின் முதல் கவிதை வாசகரைப் பார்த்து, வேடதாரியே, என்னைப் போன்றவனே, என் சகோதரனே என்று முடிகிறது. நூற்றாண்டு கழித்து, 1960இல் லண்டனில் டி.எச். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவல் மீதான வழக்கிலும், உங்கள் மனைவியோ வேலையாட்களோ இதைப் படிக்க விரும்புவீர்களா என்று ஜூரிகளிடம் கேட்டார் அரசு வழக்கறிஞர்.

ஆனால் எம்மாவை மட்டும் வைத்து 19ஆம் நூற்றாண்டை எடைபோடக் கூடாது. ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் தத்யானாவும் கதை படித்துக் காதலில் விழுந்தவள்தான். அவள் காதலித்த ஒனேகின் அவளை மறுத்துவிட்டுப் பிறகு ஊரைவிட்டே போய்விடுகிறான். ஆளில்லாத அவன் வீட்டுக்குப் போய் அவன் புத்தகங்களைப் புரட்டுகிறாள். ஓரங்களில் நகத்தால் கீறிய அடையாளங்கள், பென்சில் சிலுவைகள், கேள்விக்குறிகள். அவற்றைத் தொடர்ந்து போகப் போக அவனே பிடிபடுகிறான். இவன் ஒரு பகடி நகலோ என்று சந்தேகம் வருகிறது. உலக இலக்கியத்தில் மிகச் சிறந்த வாசகர் யார் என்று கேட்டால் என் ஓட்டு இவளுக்கு.

டால்ஸ்டாயின் அன்னா இன்னொரு வகை. ரயிலில் ஆங்கில நாவல் ஒன்றைப் பிரித்துக்கொண்டு உட்காருகிறாள். கதாநாயகி நோயாளிக்குப் பணிவிடை செய்தால் தானும் ஓசைப்படாமல் அந்த அறையில் நடக்க வேண்டும்போல் இருக்கிறது. அடுத்தவர் வாழ்க்கையைப் படித்துக்கொண்டிருக்க முடியவில்லை, தானே வாழவேண்டும் என்ற ஆசை முட்டுகிறது. பக்கம் வெட்டும் கத்தியை ஜன்னல் கண்ணாடியில் தேய்த்துவிட்டு, அதன் குளிர்ந்த பரப்பைக் கன்னத்தில் வைத்துக்கொள்கிறாள். இறுதியில் ரயிலடியில் அவள் உயிர் போகும் தருணத்தை டால்ஸ்டாய் எழுதுவது, துயரமும் வஞ்சகமும் நிறைந்த புத்தகத்தை அவள் எந்த மெழுகுவர்த்தி ஒளியில் படித்துவந்தாளோ அது ஒரு முறை சுடர்ந்து அணைந்தது என்று.

ஏழை வாசகர்களிடம் ஆங்கில நாவல் கொஞ்சம் குரூரமாகவே நடந்துகொண்டிருக்கிறது. சார்லட் பிராண்டியின் நாயகி ஜேன் ஐர் திரைக்குப் பின்னால் ஒளிந்து பறவைகள் பற்றிய புத்தகத்தைப் பார்க்கிறாள். எங்கள் புத்தகத்தை எடுக்க நீ யார் என்று அதையே அவள் மேல் வீசுகிறான் வீட்டுப் பையன், தலையில் ரத்தம். தாமஸ் ஹார்டியின் ஜூட் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டே மடியில் லத்தீன் புத்தகத்தை வைத்துப் படிக்கிறான். பல்கலைக்கழகக் கதவு கடைசிவரை திறக்கவில்லை. ஃபார்ஸ்டரின் 1910ஆம் ஆண்டு நாவலில், படித்து முன்னுக்கு வரத் துடித்த குமாஸ்தா லெனர்ட் பாஸ்ட் அடிவாங்கிச் சாயும்போது புத்தக அலமாரி அவன் மேல் கவிழ்கிறது. செத்துப்போகிறான்.

20ஆம் நூற்றாண்டில் புத்தகத்தை மூடுவது அரசு. பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) பற்றி எல்லாரும் எரிப்பைச் சொல்வார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, புத்தகங்களை எரிக்கும் வேலையில் இருக்கும் நாயகன் மான்டாக் விருந்தினர் நடுவே ஒரு கவிதையை உரக்கப் படிப்பது. ஒரு பெண் ஏனென்று தெரியாமல் விம்முகிறாள், இன்னொருத்திக்கு அதைப் பார்த்து ஆத்திரம் வருகிறது. அந்த ஆத்திரம்தான் அந்த உலகத்தை நம்ப வைக்கிறது.

தமிழில் இதற்கு இணையாக நான் வைப்பது ஜெயகாந்தனின் கங்காவை. 1966இல் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை வந்தது. கெடுக்கப்பட்டு மழையில் வீடு திரும்பிய மகள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள் தாய். பெரும் சர்ச்சை. பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதியபோது, அதே கதையை ஆர்.கே.வி. என்ற கற்பனை எழுத்தாளர் எழுதியதாக நாவலுக்குள் வைத்தார் ஜெயகாந்தன். அதைப் பத்திரிகையில் படிக்கிற கங்காவுக்கு நடந்தது அதே சம்பவம்தான், முடிவு மட்டும் வேறு. அவள் அம்மா தண்ணீர் ஊற்றவில்லை, ஊர் கேட்க அலறிவிட்டாள். ஒடிஸியஸ் தன் கதையைக் கேட்டு அழுதான். கங்கா படிப்பதோ தனக்குக் கிடைக்காமல் போன முடிவை. தன்னைக் கதையில் காணும் வாசகரை இதைவிட வலியோடு காட்டிய எழுத்து எனக்கு நினைவில்லை.

வாசகரே நாயகராகும் விளையாட்டுகள் அப்புறம் நிறைய வந்தன. நபகோவின் 'வெளிறிய நெருப்பு' (1962) ஒரு நீள்கவிதைக்கு உரை எழுதும் ஆள் கவிதையையே தன் கிறுக்குக்கு வளைப்பதைக் காட்டுகிறது. கால்வினோ 1979இல் ஒரு முழு நாவலையே அறுபடலில் கட்டினார். 'நீ' என்று அழைக்கப்படும் வாசகன் பத்து நாவல்களைத் தொடங்குகிறான், ஒன்றும் முடியவில்லை. கடைசியில் விளக்கை அணைக்கச் சொல்லும் மனைவியிடம், ஒரு நிமிடம், முடியப்போகிறது என்கிறான். தமிழில் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) ஒரு வாசகனின் வழிபாட்டு மனத்திலிருந்தே எழுந்த நாவல். அதை ஜே.ஜே. என்ற எழுத்தாளனின் கதையாக மட்டும் படிப்பவர்கள் அவனைப் பற்றிக் குறிப்பெடுக்கும் கதைசொல்லி பாலுவைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், பெரிய நாவல்களை ஒதுக்கிவிட்டு அர்ஜென்டினா எழுத்தாளர் கொர்த்தஸாரின் 'பூங்காக்களின் தொடர்ச்சி' என்ற சிறுகதையைத் தேடிப் படியுங்கள், இரண்டு பக்கம்தான். பச்சை வெல்வெட் நாற்காலியில், கதவுக்கு முதுகைக் காட்டி ஒருவர் நாவல் படிக்கிறார். நாவலில் ஒருவன் கத்தியோடு ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். படிக்கும்போது உங்கள் நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொள்வது நல்லது. அடுத்து சிலம்பில் புறஞ்சேரி இறுத்த காதை. உரையோடு படித்தால் ஓலை வரும் இடம் ஒரே மூச்சில் முடிந்துவிடும்.